கசியும் ஹீலியமும் ஒரு மாணவரின் வினாவும்

தமிழ்த்துறை மலருக்கு நிலவியல் ஆசிரியனாகிய நான் எதனை எழுதுவது என மயங்கிப் பழைய பாடக் குறிப்பேட்டைப் புரட்டினேன். 1986ஆம் ஆண்டில் என் கையால் எழுதிய வரியொன்று கண்ணிற்பட்டது: “கனிமங்களிலிருந்து ஹீலியம் கசிந்துவிடுவதால், பாறைகளைப் பற்றி அறிய இம்முறை பயன்படாது.” அவ்வரி பிழை என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரை.

யுரேனியம் 238 ஈயமாகச் சிதையும் வழியில் எட்டு ஆல்பாத் துகள்களை உமிழ்கிறது. தோரியம் 232 ஆறு துகள்களை உமிழ்கிறது. ஆல்பாத் துகளாவது ஹீலியத்தின் அணுக்கருவே. ஆகவே, கனிமத்துள் சேர்ந்திருக்கும் ஹீலியத்தை அளந்து அதன் வயதைக் கணக்கிடலாம் என்பதை ரூதர்ஃபோர்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டார். வாயு தப்பிவிடுவதால் கிடைத்த வயதுகள் குறைவாக அமைந்தன. அறிஞர்கள் யுரேனியம்–ஈய முறையை நாடினர். நானும் அவ்வாறே பாடம் நடத்தினேன்.

அன்று ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, எவ்வளவு சூட்டில் அது கசியும்?” என வினவினார். “அது தேர்வுக்கு வராது, உட்காருங்கள்” என்றேன்.

அவ்வினாவிலேதான் பொருள் முழுவதும் இருந்தது. ‘மூடல் வெப்பநிலை’ என்னும் கருத்தை டாட்சன் 1973ஆம் ஆண்டிலேயே கணித முறையில் வகுத்திருந்தார், நான் படித்தேனில்லை. அடுத்த ஆண்டே, 1987இல், சைட்லரும் அவருடன் ஆய்ந்தோரும் அபடைட் கனிமத்தின் ஹீலியம் பாறை குளிர்ந்த காலத்தைக் காட்டவல்லது என எடுத்துரைத்தனர். அபடைட் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும்போதுதான் ஹீலியத்தைத் தன்னுள் இருத்திக்கொள்ளத் தொடங்குகிறது. சிர்க்கானில் அவ்வெல்லை சுமார் 180 டிகிரி. பூமியினுள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் 25 டிகிரி அளவில் ஏறுகிறது. மேலிருக்கும் நிலம் அரிப்புண்டு, பாறை இரண்டு கிலோமீட்டர் ஆழத்தை எட்டிய காலத்தை, ஒரு மணலளவு அபடைட் சொல்லிவிடுகிறது! நான் குறையென்று தள்ளிய கசிவே வெப்பமானியாயிற்று.

ஆயினும் ஓர் எண்ணைக் கண்டவுடன் நம்பிவிடலாகாது. விரைந்து குளிர்ந்த பாறையும், 40 முதல் 80 டிகிரி வரையுள்ள நிலையில் நெடுங்காலம் தங்கி ஹீலியத்தில் ஒரு பகுதியை இழந்த பாறையும் ஒரே வயதைத் தரக்கூடும். எனவே கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான குளிர்தல் வழிகளை அமைத்து, அளவீட்டோடு பொருந்தாதவற்றைக் கழிக்கின்றனர். அணுக்கருப் பிளவினால் அபடைட்டில் உண்டாகும் தடங்கள் இங்குத் துணைபுரிகின்றன. பிறக்கும்போது ஏறத்தாழ 16 மைக்ரான் நீளமுள்ள அத்தடங்கள் சூட்டில் குறுகும். இவ்வளவு செய்தும் எஞ்சுவது பெரும்பாலும் ஒற்றைக் கோடன்று, வழிகளின் கற்றையே. ஆய்வாளர் முன்கூட்டி இடும் எல்லைகள் தவறானால் அக்கற்றையும் தவறும். அழகிய வரைபடங்களைக் காணுந்தோறும் நான் முதலில் தேடுவது அவ்வெல்லைகளைத்தான்.

குறிப்பேட்டு வரியை அடித்துத் திருத்திவிட்டேன். அம்மாணவர் இன்று எங்குள்ளாரோ அறியேன். அவ்வாண்டுத் தேர்வில் அவர் என் வரியை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். நானும் முழு மதிப்பெண் இட்டேன்.