வாய் திறக்காத பிள்ளைங்க



மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா நெருங்கினாலே எங்க ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புல ஒரே காட்சிதான். "யார் பாடுறீங்க?"ன்னு கேட்டா அதே நாலு கை உயரும். மற்ற பிள்ளைங்க பாயையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. வெளியே காத்திருக்கும் அம்மாக்கள், "வீட்டுல குளிக்கும்போதுகூட பாடுறா டீச்சர், இங்க வந்தா வாயே திறக்க மாட்டேங்கிறா" என்பாங்க.

பிரிக்பீல்ட்ஸ் வகுப்புக்கு வர்ற பிள்ளைங்கள்ல பல பேர் தேசியப் பள்ளியில படிக்கிறவங்க. தமிழ் பேசுவாங்க, வாசிக்கத் தடுமாறுவாங்க. தேவாரத்தை ரூமி எழுத்துல எழுதி வச்சுத்தான் மனப்பாடம் பண்றாங்க. அதுல ல, ள, ழ மூணும் ஒண்ணாயிடும். பக்கத்துல தமிழ்ப்பள்ளி பிள்ளை சரளமா ஓதும்போது, நம்ம வாயிலிருந்து தப்பா வந்து எல்லாரும் சிரிச்சுட்டா? கூச்சம்னு நாம சொல்லிடுறோம். பலருக்கு அது மானப் பிரச்சினைங்க.

இந்த இடத்துல பெரியவங்க யாராவது குமரகுருபரரைச் சொல்வாங்க. ஐந்து வயது வரை பேசாத பிள்ளை, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. அதைச் சொல்லி ஒரு பிள்ளையை மைக் முன்னால தள்ளுறதுல எங்களுக்கு உடன்பாடு இல்லை. அவரோட பெற்றோர் அஞ்சு வருஷம் பொறுத்தாங்க. வகுப்புல யாரும் அஞ்சு நொடிகூட பொறுக்கிறதில்லை.

சும்மா சொல்லலை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியா ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருந்தாங்க. மூணு நொடி பொறுத்தப்போ பதில் நீண்டது, வழக்கமா பேசாத பிள்ளைங்களும் பேசினாங்க. எங்க தொண்டர்கள் கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள மூணு தடவை 'சிவாயநம' சொல்றோம். அதுவரைக்கும் எந்தக் கையையும் பார்க்கிறதில்லை.

இன்னொண்ணு, ஜோடியா ஓதுறது. கிள்ளான்ல இருந்து பாட்டியோட கொமுட்டர்ல வர்ற ஒரு சின்னப் பொண்ணு, நாலு மாசமா ஒரு வார்த்தை பேசலை. தமிழ்ப்பள்ளி பொண்ணு ஒருத்தியோட சேர்த்து உட்கார வச்சோம். முதல் அடி அவ, அடுத்த அடி இவ. எந்த அடின்னு வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்ல குரல் பதிவு போயிடும். மூணாவது வாரம் பாதி அடி வந்துச்சு. எங்களுக்கே சரியா கேட்கலை. பக்கத்துல இருந்தவளுக்குக் கேட்டுச்சு, தலையாட்டினா. யாரும் கைதட்டலை, வேணும்னேதான். தட்டியிருந்தா எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பாங்க.

இந்த வருஷம் விழாவுக்கு அவ பேரைக் கொடுக்க பாட்டிக்கு ஆசை. வட்டார நிலையிலேயே தனியா மேடை ஏறணும். "அவளையே கேளுங்க பாட்டி"ன்னு சொல்லியிருக்கோம். பதில் இன்னும் வரலை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிஞ்சு கார்ல ஏறினதும் "இன்னைக்குப் பாடுனியா?"ன்னு கேட்காதீங்க. "இன்னைக்கு எந்தப் பதிகம்?"னு கேளுங்க, போதும்.

திருச்சிற்றம்பலம்.