முதல் முனை மட்டும் சரியாக இருந்தது



ஆசிரியர் செய்த பிழைக்கு மாணவன் ஏச்சு வாங்கலாமா? சில நாள்களாக இக்கேள்வி என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அக்காலத்துக் கணினிகள் எவ்வாறு இயங்கின என்பதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆகவே, இசட்-80 சில்லைக் கொண்டு ஒரு சிறு கணினியை வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். ஸைலாக் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 8 பிட் சில்லு அது. 40 கால்கள் கொண்டது. அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2024இல் அறிவித்தது.

துணைக்கு வந்தவன் என் முன்னாள் மாணவன். மலாக்கா மாநிலத்தில், ஜாசினுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. நான்காம் படிவம் பயில்கிறான். வரைபடம் என்னுடையது, கம்பிகளைப் பற்றவைத்தது அவன். சில்லுக்கு ஒரு பலகை, நினைவகத்திற்கு ஒரு பலகை. இரண்டையும் 40 முனை இணைப்பிகளும் ஒரு பட்டைக் கம்பியும் இணைத்தன. மின்சாரம் மட்டும் தனிக் கம்பிகளில் சென்றது.

இயக்கினோம். திரையில் ஓர் எழுத்தும் தோன்றவில்லை. பட்டைக் கம்பியின் சிவப்பு ஓரம் முதல் முனையைக் குறிக்கும். அம்முனையை மல்டிமீட்டரால் சோதித்தேன். தொடர்பு சரியாக இருந்தது. உடனே, “ஈயத்தைச் சரியாக உருக்கவில்லை, அவசரப்பட்டுவிட்டாய்” என்று கடிந்துகொண்டேன். “சரிங்க ஐயா” என்றான். இருமுறை எல்லாவற்றையும் மீண்டும் பற்றவைத்தான். மூன்றாம் சனிக்கிழமை அவன் வரவில்லை.

அன்றிரவு தனியாக அமர்ந்து ஒவ்வொரு முனையாகச் சோதித்தேன். முதல் முனை சரி. இரண்டாம் முனை சரியில்லை. மூன்றாவதும் இல்லை. அப்போதுதான் உறைத்தது.

சில்லின் கால்களை எண்ணும்போது ஒருபுறம் 1 முதல் 20 வரை கீழிறங்கி, மறுபுறம் 21 முதல் 40 வரை மேலேறுவோம். இணைப்பியில் அப்படியன்று. 1க்கு நேர் எதிரே 2, அடுத்த வரிசையில் 3, அதற்கெதிரே 4 என எண்கள் மாறி மாறிச் செல்லும். சில்லுப் பலகையில் இம்முறையைச் சரியாகப் பின்பற்றிய நான், நினைவகப் பலகையின் இணைப்பிக்குச் சில்லின் எண் வரிசையையே எழுதிவிட்டேன். இரு முறைகளிலும் ஒரே இடத்தில் அமைவது 1ஆம் எண் மட்டுமே. நான் சோதித்ததோ அதை மட்டும்! மாணவன் வரைபடத்தில் உள்ளபடியே, ஓர் இழை பிசகாமல் பற்றவைத்திருந்தான்.

மறுநாள் காலை மோட்டார்சைக்கிளில் தோட்டத்திற்குச் சென்றேன். அவன் வீட்டு வாசலில் நின்றவாறே, “தம்பி, பிழை என் வரைபடத்தில்தான். உன்னை ஏசியது தவறு” என்றேன். அவன் தாயார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவன் சற்றுநேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு, “எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு ஐயா. நீங்க வரைஞ்சதாச்சேன்னு சொல்லல” என்றான்.

அச்சொல் என்னைச் சுட்டது. கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாக எண்ணியிருந்த எனக்கு, அவன் கேட்க அஞ்சியது தெரியவில்லை.

இருவருமாக அமர்ந்து திருத்தினோம். முகவரிக் கம்பிகள் 16, தரவுக் கம்பிகள் 8, கட்டுப்பாட்டுக் கம்பிகள் 3, ஆக 27. முதல் முனையில் இருந்த ஒரு முகவரிக் கம்பியை விட்டு, மற்ற 26 கம்பிகளையும் நினைவகப் பலகையிலிருந்து கழற்றி மாற்றினோம். இம்முறை அவன் எண்ணைச் சொல்ல, நான் பற்றவைத்தேன். ஒவ்வொன்றையும் அவனே மல்டிமீட்டரால் சோதித்தான். நல்லவேளையாகச் சில்லுகள் எதுவும் பழுதாகவில்லை. மாலையில் திரையில் எழுத்துகள் வந்தன.

இப்போது விடைத்தாள் திருத்தும்போது, பல பிள்ளைகள் ஒரே கேள்வியில் தவறியிருந்தால், சிவப்பு மையைத் தொடுமுன் என் வினாத்தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். ஆசிரிய நண்பர்களே, நீங்களும் பாருங்கள்.