சேசிங் சீன்ல கார் ஏன் கவுரணும்?

சினிமாவுல எனக்குப் பிடிச்ச சீன் எதுன்னு யாராவது கேட்டா, காதல் சீன், கோர்ட் சீன், கிளைமாக்ஸ் வசனம்னு எல்லாம் யோசிக்கவே மாட்டேன். ரெண்டு வண்டி. ஒண்ணு முன்னால ஓடணும், இன்னொண்ணு பின்னால துரத்தணும். அவ்ளோதான். மத்ததெல்லாம் அப்புறம்.

இந்தப் பைத்தியம் முழுசாப் பிடிச்சது காலேஜ் ஹாஸ்டல்ல. ஒரு சீனியரோட ஹார்ட் டிஸ்க்ல 'கிளாசிக்ஸ்'னு ஒரு ஃபோல்டர். அதுல 'புல்லிட்' (1968) இருந்துச்சு. சப்டைட்டில் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் அவனுங்க பேசின இங்கிலீஷ்ல பாதி புரியல, மீதி காதுலயே விழல. அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ மேட்டுத் தெருவுல ரெண்டு கார் கிளம்புச்சு பாருங்க... பத்து நிமிஷத்துக்கும் மேல ஒரு வார்த்தை வசனம் இல்ல. அந்தப் படத்துலயே எனக்கு நூத்துக்கு நூறு புரிஞ்ச பகுதி அதுதான்! துரத்துறதுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்ல. குழந்தைங்க ஓடிப்பிடிச்சு விளையாடுறதுக்கு யாரு சப்டைட்டில் போடுறா?

அந்த சீன்ல ரெண்டு விஷயத்த கவனிங்க. ஹீரோ ஸ்டீவ் மெக்வீன்கிட்ட ஃபோர்ட் மஸ்டாங். வில்லனுங்ககிட்ட டாட்ஜ் சார்ஜர். துரத்தல் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி, சார்ஜர ஓட்டுற ஆளு நிதானமா சீட் பெல்ட்ட எடுத்து மாட்டுறாரு. 'டக்'. அந்த சின்ன அசைவுலயே நமக்குத் தெரிஞ்சு போயிடும், இனிமே நடக்கப்போறது விளையாட்டு இல்லன்னு. அடுத்தது, அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருந்த லாலோ ஷிஃப்ரினோட இசை, வேகம் பிடிக்கிற நேரத்துல நின்னு போகுது. நம்ம ஊரா இருந்தா அங்கதான் ட்ரம்ஸ் ஆரம்பிச்சிருக்கும் :-) அதுக்கப்புறம் என்ஜினும் டயரும்தான் பாட்டு.

சீட் பெல்ட் மாட்டுன அந்த வில்லன் பேரு பில் ஹிக்மேன். நடிகர்னு சொல்றத விட ஸ்டண்ட் டிரைவர்னு சொல்லணும், அந்த சார்ஜர ஓட்டுனதே அவருதான். மூணு வருஷம் கழிச்சு வந்த 'த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' (1971) படத்துல மேல ரயில், கீழ கார்னு ஒரு துரத்தல் வருமே, அதுலயும் ஸ்டண்டுக்கு ஸ்டியரிங் பிடிச்சது அதே மனுஷன். அந்தப் படம் அஞ்சு ஆஸ்கர் வாங்குச்சு. ஹிக்மேன் பேர எத்தன பேருக்குத் தெரியும்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

எங்க ஊரு வல்லத்திராக்கோட்டை. புதுக்கோட்டை மாவட்டம். செம்மண்ணு, தைலமரக் காடு, நடுவுல தார் ரோடு. எங்க பக்கத்துப் பசங்களுக்கு சேசிங்க சினிமா வந்து சொல்லிக் கொடுக்கல. அது ரோட்டுலயே நடக்கும், மாட்டு வண்டிப் பந்தயம்னு பேரு. கோயில் திருவிழா, பொங்கல்னு ஏதாவது ஒண்ணு வந்தா, 'பெரிய மாடு போய் வர 8 மைல், கரிச்சான் மாடு 6 மைல்'னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. ரெண்டு பக்கமும் ஜனம். வண்டிங்க நடுவுல பறக்கும். பின்னாடியே பைக்குல ஒரு கூட்டம் கத்திக்கிட்டே துரத்தும். 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டோட சேர்த்து இதையும் நிறுத்துச்சு. 2017ல தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டு வந்துச்சு. 2023 மே 18ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அது செல்லும்னு தீர்ப்பு சொல்லிருச்சு. மாட்டுக்கு வலிக்குமா வலிக்காதாங்குறது தனி வழக்கு, அத இங்க இழுக்கல. நான் சொல்ல வந்தது ஜனங்க எதப் பாக்குறாங்கங்கறத.

வேகத்தப் பாக்குறாங்கன்னுதான் வெளியூர்க்காரங்க நெனப்பாங்க. அப்படி இல்ல. முதல் வண்டிக்கும் ரெண்டாவது வண்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாக்குறாங்க. "ரெண்டு வண்டி தூரம் இருக்குடா... ஒண்ணரை... ஒண்ணு... மூக்கு வந்துருச்சுடா!" இதுதான் மொத்தக் கதையும். முதல் வண்டி தனியா அரை மைல் முன்னால போயிட்டா, எவ்வளவு வேகமாப் போனாலும் ஜனம் பீடி பத்த வைக்கப் போயிடும்.

இன்னொரு விஷயம். எல்லையில வளைஞ்சு திரும்பும்போது சில சமயம் வண்டி கவுந்துரும். அப்போ யாரும் விசில் அடிக்க மாட்டாங்க. "அய்யய்யோ"ன்னு ஒரு சத்தம் வரும், நாலு பேரு தூக்கி விட ஓடுவாங்க. கவுந்த வண்டி பந்தயத்தோட உச்சம் கிடையாது. அந்த வண்டிக்கு அங்க பந்தயம் முடிஞ்சு போச்சு. கவுராம, சக்கரம் ஒரு பக்கம் லேசா எழும்பி, திரும்ப மண்ணுல பதிஞ்சு, மாடு நேராகி ஓடுது பாருங்க, விசில் அதுக்குத்தான்.

இந்த அளவுகோல எடுத்துக்கிட்டு பழைய சேசிங் படங்களப் பாத்தா எல்லாம் பளிச்சுன்னு புரியுது. ஸ்பீல்பெர்க்கோட 'டூயல்' (1971) டி.வி.க்குன்னு எடுத்த படம். ஒரு சாதாரண பிளைமவுத் கார், ஒரு அழுக்கு டேங்கர் லாரி. லாரிக்காரன் மூஞ்சியக் கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க. ரெண்டுமே ரேஸ் வண்டி கிடையாது. ஆனா கண்ணாடியில அந்த லாரி கொஞ்சம் கொஞ்சமா பெருசாகறப்போ நமக்கு வயித்தக் கலக்கும். இடைவெளி குறையுது, அவ்வளவுதான் மேட்டர்.

நம்ம 'கைதி' (2019) அதே ஜாதி. ஒரே ராத்திரி, திருச்சிக்குப் போற லாரி, பாட்டு இல்ல. கார்த்தி ஓட்டுற வண்டி, புழுதி கிளப்பிப் பறக்கற வண்டி இல்ல, உறுமிக்கிட்டே ஊர்ந்து வர்ற வண்டி. பின்னாடி மயங்கிக் கிடக்கறாங்க நாப்பது போலீஸ்காரங்க. அதனாலதான் ஒவ்வொரு வளைவுலயும் நமக்குப் பதறுது. இந்த லாரி கவுரக் கூடாது! கவுந்தா கதை முடிஞ்சுது. லோகேஷ் கனகராஜுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் தெரியுமான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த மர்மம் தெரிஞ்சிருக்கு.

தமிழ்ல இந்த மாதிரி சேசிங் ஏன் கைவிரல் எண்ணிக்கைக்குள்ளயே இருக்கு? ஒரு காரணம் வண்டியே. மெக்வீன் மஸ்டாங்ல 300 குதிரைத்திறனுக்கு மேல. நம்ம ஹீரோவுக்கும் வில்லனுக்கும் ரொம்ப நாள் வரைக்கும் கிடைச்சது அம்பாசடரும் ஃபியட்டும்தான். 1489 சிசி அம்பாசடர்ல சுமாரா 50 குதிரை. ஆறுல ஒரு பங்கு. கல்யாணத்துக்குப் போற வண்டிய வச்சு கொள்ளைக்காரனத் துரத்துனா எப்படி இருக்கும்? :-) அதனால கேமராவுல தந்திரம் பண்ணாங்க. நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்க வேண்டிய இடத்துல 16 ஃபிரேம் எடுத்தா, தியேட்டர்ல ஒண்ணரை மடங்கு வேகமா ஓடும். நாப்பதுல போன வண்டி அறுவதுல போற மாதிரி தெரியும். பழைய படத்துல கார் வேகமாப் போகும்போது ரோட்டோரம் நடக்கற ஆளும் சார்லி சாப்ளின் மாதிரி துறுதுறுன்னு நடக்கறது இதனாலதான். இது நம்ம ஊரு ஏழைத் தந்திரம்னு நெனச்சுடாதீங்க, 'ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்'லயே 18 ஃபிரேம்ல எடுத்திருக்காங்க. 'புல்லிட்' மட்டும் வீம்பா உண்மை வேகத்துலயே எடுத்தது. மணிக்கு 110 மைலுக்கு மேல போயிருக்காங்க.

அப்புறம் வந்துச்சு சுமோ காலம். துரத்தி வர்ற வண்டில ஒண்ணு ஏதோ ஒண்ணு மேல ஏறி, வானத்துல ஒரு கரணம் போட்டு, ஸ்லோ மோஷன்ல தலைகீழா விழும். அடுத்தது. அதுக்கடுத்தது. யாரு எங்க இருக்கா, எவ்வளவு தூரம் இருக்குன்னு ஒரு எழவும் தெரியாது. இடைவெளின்னு ஒண்ணு இல்லவே இல்ல. சேசிங்னு சொல்லிட்டு காயலான் கடை காட்டுனாங்க. நாமளும் விசில் அடிச்சோம்.

இத வெறும் ரசனைச் சண்டைன்னு விட்டுட்டுப் போயிருப்பேன். 2025 ஜூலை 13ஆம் தேதிக்கு அப்புறம் அப்படி விட முடியல. 'வேட்டுவம்' படத்தோட ஷூட்டிங், நாகப்பட்டினம் மாவட்டத்துல. கார் சாய்வுப் பலகையில ஏறிப் பறந்து கவுர்ற காட்சி. காரை ஓட்டுனவர் எஸ்.எம்.ராஜுங்கற ஸ்டண்ட் கலைஞர். மோகன்ராஜ்ங்கறது அவரோட இன்னொரு பேரு. உயிர் போயிடுச்சு. பல வருஷமா நம்ம படங்கள்ல காரைப் பறக்க விட்ட மனுஷன். அந்த வீடியோ நியூஸ்ல வந்துச்சு. ஒரு தடவைதான் பாத்தேன், முழுசாப் பாக்கல.

எதுக்காக அந்த கார் கவுரணும்? திரையில மூணு செகண்டு. நாம கேட்டதுனாலதான? "சண்டைக் காட்சி சூப்பரு மச்சி, எட்டு வண்டி பறக்குது"ன்னு எழுதுனது யாரு, பேசுனது யாரு? எல்லாரும்தான்.

"அப்போ எல்லாத்தையும் கிராஃபிக்ஸ்ல பண்ணுங்கன்னு சொல்றியா? பொம்மைப் படம் மாதிரி இருக்காதா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எனக்கும் முழு கிராஃபிக்ஸ் சேசிங் ஒட்டாது. கம்ப்யூட்டர்ல செஞ்ச காருக்கு எடை கிடையாது. நிஜக் கார் பிரேக் போட்டா மூக்கு கீழ குத்தும், வளைவுல உடம்பு வெளிப்பக்கம் சாயும், டயர் ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் பிடிக்கும். நம்ம உடம்புக்கு இதெல்லாம் பழக்கம். பஸ்ல நின்னுக்கிட்டே போனவனுக்கு ஃபிசிக்ஸ் யாரும் சொல்லித்தர வேண்டாம். பொய்யா இருந்தா உடனே தெரிஞ்சுடும்.

ஆனா கவனிச்சுப் பாருங்க, இந்த எடை தெரியறது எல்லாம் கார் தரையில இருக்கும்போது. பறக்கும்போது இல்ல. என் கணக்கு ரொம்ப சிம்பிள்: ஓட்டறத நிஜமா ஓட்டுங்க, கவுர்றத கம்ப்யூட்டர்கிட்ட விட்டுடுங்க. ஓட்டறதுல ஆபத்தே இல்லையான்னா, இருக்கு. ஆனா அதுல ஓட்டுறவன் கையில ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருக்கு. காத்துல பறக்கற காருல அந்த ரெண்டுக்கும் வேலையே இல்ல.

பாதுகாப்பா பண்ண வழி இல்லாமலும் இல்ல. 'ரோனின்' (1998) படத்துல பாரிஸ் தெருவுல பறக்கற கார்கள் சிலதுல வலது பக்க ஸ்டியரிங். நடிகர் இடது பக்கம் உக்காந்து பொம்மை ஸ்டியரிங்கத் திருப்பிக்கிட்டே நிஜமாவே பயப்படுவாரு, நிஜ ஸ்டியரிங் வலது பக்கம் ஸ்டண்ட் டிரைவர் கையில. நம்ம ஊருல எல்லா வண்டியும் வலது பக்க ஸ்டியரிங்தான், நாம இத அப்படியே மாத்திப் போட்டா போதும்! எதிர்பக்கப் பாடமும் இருக்கு. 'ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்'ல சில பகுதிய அனுமதி வாங்காம, போக்குவரத்து நடக்கற தெருவுலயே எடுத்தாங்க. நடுவுல சம்பந்தமே இல்லாத ஒருத்தரோட காருல மோதி, அந்த மோதல் படத்துலயும் இருக்கு. அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுன்னு வில்லியம் ஃபிரீட்கினே பிற்காலப் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். எவ்வளவு பெரிய கிளாசிக்கா இருந்தாலும் அது தப்புதான்.

மரியாதை விஷயத்துல மட்டும் நாம கொஞ்சம் முந்திக்கிட்டோம். சண்டைப் பயிற்சிக்கு தேசிய விருது 2016ஆம் வருஷப் படங்கள்ல இருந்தே குடுக்கறாங்க, முதல்ல வாங்குனது 'புலிமுருகன்' படத்துக்காக பீட்டர் ஹெய்ன். ஆஸ்கர்காரங்க ஸ்டண்டுக்குன்னு விருது அறிவிச்சதே 2025 ஏப்ரல்லதான், அதுவும் 2027ல வெளியாகற படங்கள்ல இருந்து. பில் ஹிக்மேனுக்குக் கிடைக்காதது இனிமே யாருக்காவது கிடைக்கட்டும். ஆனா விருது மாஸ்டருக்குப் போகுது. காருக்குள்ள உக்காந்தவன் பேரு நமக்குத் தெரிய வர்றது அவன் செத்த அன்னிக்குத்தான். ராஜு பேரு எனக்கும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதனால அடுத்த தடவை தியேட்டர்ல சேசிங் வந்தா, விசில எதுக்கு அடிக்கணும்னு கொஞ்சம் பாத்து அடிப்போம். கார் வானத்துல போனதுக்கா, இல்ல ஒரு முழ இடைவெளில லாரிய ஒரசாமத் தப்பிச்சு ரோட்டப் பிடிச்சதுக்கா? நாம எதுக்கு விசில் அடிக்கறோமோ அததான் அடுத்த படத்துல எடுப்பாங்க.

டிஸ்கி: தமிழ்ல ஒரு வண்டி கூட கவுராத நல்ல சேசிங் எதுன்னு மூளையக் கசக்கிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு எதாவது தோணுச்சுன்னா சொல்லிட்டுப் போங்க மக்கா, வார இறுதியில உக்காந்து பாத்துடறேன்.