செங்கீரை ஆடும் பாய்

குழந்தை குப்புறித்துக்கொண்டாள் என்று மகள் வீடியோ அனுப்பியதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் பதில், "இன்னும் தவழலையா?" என்பதுதான். தவழ்ந்தால் நடையைக் கேட்பார்கள். நடந்தால் எல்கேஜிக்கு இடம் சொல்லி வைத்தாயிற்றா என்பார்கள். இந்த அவசரத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. குப்புறிப்பதற்கும் தவழ்வதற்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நான் பேத்தியின் பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறேன்.

இரண்டு உள்ளங்கையும் பாயில் ஊன்றும். ஒரு முழங்கால் மடங்கும், மற்ற கால் நீண்டு கிடக்கும். தலை மெல்ல எழும்பி, பாரம் தாங்காமல் இப்படியும் அப்படியும் ஆடும். கீழுதட்டிலிருந்து எச்சில் இறங்கிப் பாயில் சொட்டும். முன்னால் போகத்தான் இத்தனை பாடு. உடம்போ பின்னால் நகரும். எட்டிப் பிடிக்கப் பார்த்த கிலுகிலுப்பை இன்னும் தூரமாகிவிடும். முகம் சிவக்க ஒரு முக்கல். பிறகு நெற்றியைப் பாயில் சாய்த்துச் சற்று ஓய்வு. மறுபடியும் தலை எழும்பும்.

இதற்குத்தான் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரை என்று ஒரு பருவத்தையே ஒதுக்கினார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது என்று உரைகளில் படித்ததெல்லாம் என் கண்முன்னே நடக்கிறது. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறினாலும், மாதக் கணக்கும் வைத்திருந்தார்கள்: செங்கீரை 5-ஆம் மாதம், கைகொட்டும் சப்பாணி 9-ஆம் மாதம், தளர்நடையிட்டு வரச்சொல்லும் வருகை 13-ஆம் மாதம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், பிடிமானமில்லாமல் நடக்கும் சராசரி வயது சுமார் 12 மாதம். புலவர்கள் பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம். அதே கணக்கில் 8 மாதத்தில் நடந்த பிள்ளையும் உண்டு, 17 மாதம் கடந்து நடந்த பிள்ளையும் உண்டு, இரண்டுமே இயல்புதான். நூற்றில் நான்கு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. இதை அப்படியே குழுவில் எழுதிப் போட்டேன்.

பருவங்களில் எனக்கு உயிர் அம்புலி. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிட வேண்டும். அது வருகிற ஜாதியில்லை. அதனால் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்று அரசர்களின் நான்கு உபாயங்களையும் எடுத்தார்கள். நீயும் எங்கள் குழந்தையும் ஒன்றுதான் என்று நைச்சியம் பண்ணுவார்கள். நீ தேய்கிறாய், உன் மேல் களங்கம் இருக்கிறது, இவளுக்கு அதெல்லாம் கிடையாது என்று பிரித்துக் காட்டுவார்கள். வந்தால் கிடைக்கப்போவதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். கடைசியில், வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டல். பிள்ளைத்தமிழ் பாடுகிறவர்களுக்கு அம்புலிதான் புலி என்பார்கள். அந்தப் புலியை 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்காக அடக்கிக் காட்டினார்.

இந்த உபாயங்கள் அரசவையிலிருந்து வந்தவை என்பதை நான் ஒப்பமாட்டேன். சாயங்காலம் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து பார்க்க வேண்டும். மகளின் இடுப்பில் மூன்று வயதுப் பேரன். கையில் பருப்புச் சாதக் கிண்ணம். "என் ராசால்ல, ஒரே ஒரு வாய்." உதடு திறக்காது. "கீழ்வீட்டு அண்ணன் எப்பவோ சாப்பிட்டு முடிச்சாச்சு, நீதான் இப்படி." ம்ஹூம். "இதைச் சாப்பிட்டா அப்பா வண்டியில ஒரு ரவுண்டு." வாய் பாதி திறக்கும். "அப்ப சரி, பூச்சாண்டியக் கூப்பிடுறேன்." ஒரு கிண்ணம் சோறு காலியாவதற்குள் நாலும் முடிந்துவிடும். போன பௌர்ணமிக்குப் பேரன் கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, நிலாவைப் பார்த்து நீட்டினான். "நிலா, வா. நெய் போட்டிருக்கு." நிலா அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரல்லைன்னா எங்க அப்பாகிட்ட சொல்லிருவேன்" என்றான். தானமும் தண்டமும்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பிடிச் சாதத்தை அப்புறம் அவனே தின்றான்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவத்தில் எனக்கு ஒரே ஒரு குறை: பல் முளைப்பதற்கென்று ஒரு பருவம் இல்லை. ஈறில் வெள்ளைக் கீற்று தெரிந்ததும் ஒரு வீடே கூடி வாயைப் பிளந்து பார்க்கிற நாள் அல்லவா அது! நல்லவேளை, புலவர்கள் விட்டதை அடுக்களை எடுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பல்லுக்கொழுக்கட்டை செய்வார். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து மடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசையாகப் பதிப்பார். குழந்தையை நடுவில் உட்கார்த்தி, தலைக்கு மேலிருந்து அவற்றைச் சொரிவார்கள். உருண்டு ஓடுவதைப் பொறுக்க மற்ற பிள்ளைகள் முண்டியடிக்கும். பிறகு புத்தகம், பேனா, நகை என்று பரப்பி, எதில் கை போகிறது என்று எல்லோரும் மூச்சுப் பிடித்துக் காத்திருப்பார்கள்.

பேத்திக்குக் கீழ் ஈறு தடித்திருக்கிறது. விரல் வைத்தால் கவ்விக்கொள்கிறாள். அரிசி மாவை இப்போதே வறுத்து டப்பாவில் அடைத்துவிட்டேன். கொழுக்கட்டைக்குப் பல் பதிக்கிற வேலை பேரனுக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டுதான் வைப்பானாம், பாப்பாவுக்கு முதலில் இரண்டுதான் வரும் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள்.