தேயிலை மலையில் ஒரு சிறு அந்துப்பூச்சி

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகைவண்டி ஹற்றனைத் தாண்டியதும், எங்கு நோக்கினும் தேயிலையே கண்ணிற் படுகின்றது. சென் கிளேயர் அருவியின் வனப்பைக் கண்டு களித்தவாறே தலவாக்கலையில் இறங்கினோம். இப்பசுமைக்குள் ஒரு நெடும் போராட்டம் மறைந்திருப்பதைப் பயணிகளுட் பலர் அறியார்.

செடிகளிடையே சற்றுக் குனிந்து நோக்கினால், நூலால் தைத்தாற்போல் ஒன்றோடொன்று ஒட்டிய இலைகளைக் காணலாம். பிரித்தால், கருந்தலையுடைய பச்சைப் புழுவொன்று உள்ளே நெளியும். தன் பட்டிழையால் இலைகளைப் பிணைத்து, அக்கூட்டினுள் இருந்தே அவற்றைத் தின்று வளர்வது இது. பின்னர் வெளிப்படும் அந்துப்பூச்சியோ, சிறகு விரித்தாலும் ஏறக்குறைய ஓரங்குலமே இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். முன்சிறகின் குறுக்கே சாய்ந்த கரும்பழுப்புப் பட்டை. சிறகை மடக்கி அமர்ந்தால் மணியின் வடிவை ஒக்கும். முதிர்ந்த இலையின் மேற்புறத்தில், மீன்செதில்களை அடுக்கினாற்போல முட்டைகளைக் கூட்டமாக இடும்.

அறிவியலார் இதனை ‘ஹோமோனா கொஃபியாறியா’ என்பர். கோப்பிப் பயிரின் பகைகளை இலங்கையில் ஆராய்ந்த நீற்னர் என்பார் 1861ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். பெயரிற் கோப்பி இருப்பது அதனாலேயே. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. பூச்சியோ தேயிலையைப் பற்றிக்கொண்டது. தென்னிந்தியாவிலும் யாவாவிலும் இது உண்டு.

யாவாவில் இதற்கொரு பகைவன் இருந்தான்: ‘மக்ரோசென்றஸ் ஹோமோனே’ என்னும் சிறு குளவி. புழுவின் உடலுள் முட்டையிட்டு அதனை மாய்ப்பது அதன் இயல்பு. இங்குள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935–36ஆம் ஆண்டுகளில் அக்குளவியை வருவித்துத் தோட்டங்களில் விட்டனர். அது மலைநாட்டில் நிலைபெற்றுப் பூச்சியை அடக்கியது. ஆயின் 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது, காவலனாகிய குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த அந்துப்பூச்சி மீண்டும் பெருகிற்று. ஒரு பகையைத் தொலைக்கப் போய் மற்றொன்றை வரவேற்ற கதையாயிற்று.

நாளொன்றுக்கு இத்தனை கிலோ என நிறுத்துக் கொடுக்கவேண்டிய பெண்களுக்குப் புழு தின்ற கொழுந்து வெறும் பாரமன்று. அன்றைய கூலியில் விழும் குறை. ஆதலின், மலைநாடு செல்லும் அன்பர்கள் தேயிலைச் செடியோரம் சிறு குளவியொன்றைக் கண்டால் கையை ஓங்காதிருப்பார்களாக. அக்கூலியைக் காக்கும் துணைவர்களுள் அதுவும் ஒன்றாயிருக்கலாம்.