ஓடும் பாதத்தை அறிவோம்

மனித உடலில் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் 52 எலும்புகள், அதாவது கால் பங்குக்கும் சற்று மேலாக, நம் இரு பாதங்களில் அமைந்திருக்கின்றன. முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் நாம், உள்ளங்காலை முள் தைத்தாலன்றித் திருப்பிப் பார்ப்பதில்லை.

என் தமக்கையின் மகன் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகிறான். 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடித்தாக வேண்டும். தந்தையை இழந்த அவ்வீட்டில், தங்கையின் படிப்பும் இந்த வேலையை நம்பியே இருக்கிறது. விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடிப் பழகியவனுக்கு மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டது. “வலியைப் பார்த்தால் வேலை கிடைக்குமா, மாமா?” என்று கேட்டான். அதன்பின் அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இப்படி ஓடும் பிள்ளைகள் பலர் உண்டு அல்லவா?

நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போதோ, இரு பாதங்களும் தரையை விட்டு எழும் கணம் ஒவ்வோர் எட்டிலும் உண்டு. எழுந்த உடல் ஒற்றைக் காலில் இறங்குகையில், உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பளு அக்காலின்மீது விழுகிறது. எட்டுக்கு ஒரு மீட்டர் எனக் கொண்டால், 1500 மீட்டரில் ஒவ்வொரு காலும் 750 முறை இப்பளுவை ஏற்கிறது.

அதைத் தாங்குவதில் உள்ளங்கால் வளைவுக்குப் பெரும் பங்கு உண்டு. பாதம் தரையைத் தொட்டதும் சற்று உட்புறமாகச் சாய்கிறது. வளைவு தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. தரையை உந்தி எழும் வேளையில் அதே பாதம் விறைத்து நெம்புகோலாகிறது. ஒரே உறுப்பு ஒரு நொடிக்குள் மெத்தையாகவும் கடப்பாரையாகவும் மாறுவது வியப்பே. இதை வீட்டிலேயே காணலாம். நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, பெருவிரலை மட்டும் கையால் மேல்நோக்கி மடக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானே உயரும். குதிகாலிலிருந்து விரல்கள்வரை செல்லும் தடித்த நார்ப்பட்டை இழுபடுவதே காரணம்.

ஈரப் பாதத்தைச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பார்ப்பது பழைய முறை. நடுப்பகுதி முழுவதும் பதிந்தால் தட்டைப் பாதம். மெல்லிய கோடாகப் பதிந்தால் உயர்ந்த வளைவு. இதைக் காட்டி, இன்ன பாதத்திற்கு இன்ன காலணி என்று விலை உயர்ந்தவற்றை விற்போர் உண்டு. அமெரிக்காவில் படைப்பயிற்சிக்கு வந்தோரிடையே நடத்தப்பட்டு 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளோ, பாத வடிவம் பார்த்துக் காலணி கொடுத்ததால் காயங்கள் குறைந்துவிடவில்லை என்று காட்டின. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணியுடன் வென்றார். காலுக்கு இதமாக இருப்பதை வாங்கினால் போதும் என்பது என் கருத்து.

திருத்தத்தக்கது வேறொன்று. எட்டை நீட்டிப் போட்டால் விரைவு கூடும் எனப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். உடலுக்கு வெகு முன்னே சென்று ஊன்றும் குதிகால், ஓட்டத்தைத் தடுக்கவே செய்கிறது. வேகத்தை மாற்றாமல் எட்டுகளைக் குறுக்கி, அவற்றின் எண்ணிக்கையை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டினால் முழங்காலும் இடுப்பும் ஏற்கும் பளு குறைகிறது என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. இயன்முறை மருத்துவர் ஒருவர் எங்கள் பையனை ஓடவிட்டு, பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படமெடுத்துக் காட்டினார். தன் கால் எங்கே விழுகிறது என்பதை அவனே கண்டுகொண்டான். வலி எலும்பு நெடுகப் பரவியிருந்ததால், இரண்டு வாரம் ஓய்ந்து, பின் மண் தரையில் சிறுகச் சிறுகத் தொடங்கச் சொன்னார். ஒரே இடத்தில் விரல் வைத்தாலே சுள்ளென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம்; அப்போது ஒரு நாளும் ஓடலாகாது என்றார். தேர்வு நாள் இன்னும் வரவில்லை.

வலியைப் பொருட்படுத்தாத ஓட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் வேலூரிலேயே கண்டவர் டாக்டர் பால் பிராண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த இந்த ஆங்கில அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் பாதங்கள் சிதைவதற்குப் பெரும் காரணம், உணர்வற்றுப்போன கால் ஓயாமல் அடிபடுவதே என்று அவர் நிறுவினார். நலமுள்ளவர் நெடுந்தூரம் செல்கையில், நோகும் இடத்திலிருந்து பளுவைத் தாம் அறியாமலே வேறிடத்திற்கு மாற்றிக்கொள்கிறார். உணர்விழந்தவரோ முதல் எட்டைப் போலவே கடைசி எட்டையும் வைக்கிறார். புண் அங்கே தோன்றுகிறது.

அத்தகைய பாதங்களுக்கென்றே மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகள் இன்று கேட்டு வாங்குவது அதுவே. நம் வீடுகளில் காலைநடை செல்லும் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், இரவில் படுக்குமுன் அவர்களுடைய உள்ளங்காலைப் பிள்ளைகள் விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடட்டும்.