பங்குக்கறியும் பகுதியும்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே ஆலங்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் பங்குக்கறிக்கு ஆள் சேர்த்துவிடுவார்கள். போன வருடம் கிடா விலை 12,000. பங்கு 12. தலைக்கு ஆயிரம் என்று பேச்சு முடிந்த பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு விரதம், இன்னொருவர் மகன் வீட்டுக்குத் திருச்சி போகிறாராம். எட்டுப் பேர் மிஞ்சியதும் தலைக்கு 1,500 ஆனது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா, "இது எங்க போயி நிக்கும்?" என்றார்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பதில் சொன்னாள்: "எக்ஸ் பேர் விலகுனா, 12,000 பை 12 மைனஸ் எக்ஸ், தாத்தா. பதினோரு பேர் விலகுனா மிச்சமிருக்கவரு 12,000 கட்டணும். 12 மட்டும் ஆகாது. அது விலக்கப்பட்ட மதிப்பு."

விகிதமுறு கோவையின் பாடம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே நிற்கும் பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணை விலக்கிவிட வேண்டும். மற்ற எண்களெல்லாம் மதிப்பகம். 12,000 ரூபாயைப் பூச்சியம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு எவ்வளவு? எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் 12,000 வராது. அதனால் விடையே இல்லை.

"அப்ப 13 பேர் விலகுனா?" என்றேன். தலைக்கு மைனஸ் 12,000 என்றாள். இயற்கணிதத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஊருக்கு உண்டு. கோவையின் மதிப்பகம் 12 நீங்கலான எல்லா மெய்யெண்களும். பங்குக்கறியின் மதிப்பகமோ 0 முதல் 11 வரையுள்ள முழு எண்கள் மட்டும்தான்.

அவள் வயதில் நான் இதே பாடத்தில் மதிப்பெண் இழந்தவன். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9 பை எக்ஸ் மைனஸ் 3. மேலே காரணிப்படுத்தி, மேலும் கீழும் எக்ஸ் மைனஸ் 3-ஐ அடித்தேன். எக்ஸ் பிளஸ் 3 மிஞ்சியது. பகுதியே இல்லையே, எல்லா எண்ணும் பொருந்தும் என்று எழுதிவிட்டேன். எங்கள் கணக்கு வாத்தியார் தாளைக் கொடுத்தபோது கேட்டார்: "அடிச்சுட்டா ஆளு இல்லேன்னு ஆயிருமாடா?"

கொடுத்த கோவையில் 3-ஐப் போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம். இங்கே சிக்கல் வேறு: எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தான் என்பதால் எல்லா எண்ணும் விடையாகப் பொருந்தும், ஒன்றையும் உறுதி செய்ய முடியாது. 628-இல் கணித மேதை பிரம்மகுப்தர் இதற்குப் பூச்சியம் என்றே விடை எழுதினார். அவரே தடுக்கிய இடம் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். வரைபடம் போட்டால் நேர்கோடுதான் வரும். ஆனால் எக்ஸ் 3 ஆகும் இடத்தில், 6 என்ற உயரத்தில், ஒரே ஒரு புள்ளி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அது. அடித்த காரணி விட்டுப்போன தடம்.

1997-இல் யார்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கணினியில் யாரோ ஒரு தரவுக் கட்டத்துக்குள் பூச்சியத்தை இட, நிரல் அதனால் வகுக்கப் போய், கப்பலே நடுக்கடலில் நின்றுவிட்டது. விலக்க வேண்டியதை முதலிலேயே விலக்காததன் விலை அது.

மகளுக்குச் சொன்னதையே பரீட்சை எழுதப்போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: கோவையைக் கண்டதும் அடிக்கக் கை பரபரக்கும். அதற்கு முன் பகுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, வரும் எண்களைத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். பிறகு அடியுங்கள்.